அம்மாவுக்கு எத்தனை தட்டு?

கேள்வி: மொரீஷியஸ் தீவில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவில் கூடத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். தமிழ் என்பது கோவிலில் கேட்பது, பாட்டி வாயிலிருந்து எப்போதாவது விழுவது, அவ்வளவுதான். சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டப் பழக்கினால் பிறகு வாசிப்பு சுலபமாக வரும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். தொடங்கினேன், குழம்பிப்போனேன். 'அம்மா' என்றதும் பெரிய பிள்ளைகள் மூன்று தட்டு தட்டுகிறார்கள். மூன்று எழுத்து என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நானோ யாப்பிலக்கணத்தில் நேர், நிரை படித்தவள். என் கணக்கில் 'முருகன்' இரண்டு அசை, பயிற்சியில் மூன்று என்றார்கள். ஒரு பையன் 'யானை' என்றால் ஐந்தாறு தட்டு தட்டிவிட்டுத்தான் நிறுத்துகிறான். கைதட்டலைத் தவிர வேறு என்ன செய்யலாம்? கிரியோல் சொற்களை வைத்துச் செய்தால் தமிழ் வகுப்பு என்ற பெயருக்கு அர்த்தம் இருக்குமா? ஆண்டு முடிவில் இதற்கு மதிப்பெண் போட வேண்டுமா?

பதில்: டீச்சர், வணக்கம். முதலில் அந்த யானைப் பையன்.

அவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். யானை பெரியது, ஆகவே அதற்குப் பெரிய தட்டலாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் நியாயம். நான்கு, ஐந்து வயதில் பல பிள்ளைகள் இப்படித்தான். பொருளும் அதன் பெயரும் அவர்களுக்கு இன்னும் ஒன்றாகவே கிடக்கின்றன. அவனை 'எறும்பு' என்று சொல்லித் தட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு தட்டு, அதுவும் விரல் நுனியால் மெல்லத் தட்டினான் என்றால் விஷயம் இதுதான்.

இதற்குப் பாடம் நடத்திப் பயனில்லை. பந்தயம் கட்டுங்கள். தரையில் யானைப் படம் ஒன்று, அதற்குக் கீழே எறும்புப் படம் ஒன்று. 'எந்தப் பெயர் நீளம்?' என்று கேளுங்கள். கூடமே 'யானை!' என்று கத்தும். சரி, பார்த்துவிடலாம் என்று சொல்லி, சோடா பாட்டில் மூடிகளை எடுங்கள். யானைக்கு நேராக, சொல்லச் சொல்ல, ஒவ்வொரு மூடி: யா, னை. இரண்டோடு நின்றுவிடும். எறும்புக்கு நேராக: எ, றும், பு. மூன்று. எறும்பின் வரிசை நீட்டிக்கொண்டு நிற்கும். யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி பார்ப்பார்கள், சிலர் மறுபடி எண்ணு என்பார்கள். எண்ணட்டும். அப்புறம் பட்டாம்பூச்சியை இறக்குங்கள். பட், டாம், பூச், சி. நான்கு மூடி. சிறகடிக்கும் இத்தனூண்டு பூச்சிக்கு யானையைப் போல இரண்டு மடங்கு பெயர். இந்த ஒரு பந்தயத்தைப் படங்களை மாற்றி மாற்றி சில வாரம் நடத்தினாலே, பெயரைப் பெயராகக் கேட்கும் காது வந்துவிடும். மற்ற விளையாட்டெல்லாம் அதற்கு மேலே கட்டுவதுதான்.

இனி உங்கள் குழப்பம். 'அம்மா'வுக்கு இரண்டு தட்டு: அம், மா. எழுத்து மூன்று என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் சரிதான், அது எழுத்துக் கணக்கு. நடுவில் உள்ள 'ம்' தனியாக நிற்க முடியாமல் முன்னால் இருக்கும் அகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு, விதி அவ்வளவுதான். அந்த உயிர் குறிலா நெடிலா என்று பார்க்க வேண்டாம். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்தவர்கள் 'யா'வுக்கு இரண்டு தட்டு போடப் பார்ப்பார்கள், ஆசிரியர்களிடமே இதைப் பார்க்கிறேன். 'யா' எவ்வளவு நீண்டாலும் ஒரு தட்டுதான். ஐகாரமும் அப்படியே, 'கை' ஒரு தட்டு.

முருகன் விவகாரத்தில் நீங்களும் சரி, பயிற்சி கொடுத்தவர்களும் சரி. யாப்பில் ஒரு குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் இரண்டையும் சேர்த்து நிரையசை என்கிறோம். ஆகவே முரு-கன், நிரையும் நேருமாக இரண்டு. செய்யுளின் ஓசையை அளக்க அந்தக் கணக்கு வேண்டும். பிள்ளையின் வாயில் மு, ரு, கன் என்று ஒலி மூன்று முறை எழுகிறது, வாசிப்புக்கு நமக்கு வேண்டியது அது. உங்கள் வகுப்பில் 'அசை' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். 'இதில் எத்தனை தட்டு?' என்று கேட்டால் நான்கு வயதுக்கும் புரியும், நாளைக்கு அவர்கள் வெண்பா படிக்கும்போது சிக்கலும் வராது.

சந்தேகம் வரும்போது நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். தமிழ்ச் சொல்லை எழுதிப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை எல்லாம் விட்டுவிட்டு மீதியை எண்ணுங்கள். அதுதான் தட்டு எண்ணிக்கை. பள்ளிக்கூடம்: ப, ளி, கூ, ட. நான்கு. கத்தரிக்காய்: க, த, ரி, கா. நான்கு. சுப்பிரமணியர்: சு, பி, ர, ம, ணி, ய. ஆறு. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமான சோதனை கிடையாது, நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை: கிரியோல், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதி இதைச் செய்தால் சிலசமயம் காலை வாரிவிடும். நாயைக் கிரியோலில் 'லிசியேன்' என்கிறோமே, எழுதினால் புள்ளியில்லாத எழுத்து மூன்று. வாயில் லி, சியேன் என்று இரண்டே தட்டு.

இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கு இப்போது காட்ட வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு எழுத்து அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றே சொல்வேன். எழுத்து கண்ணில் பட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. உங்கள் பெரிய பிள்ளைகள் 'அம்மா'வுக்கு மூன்று தட்டுவது அதனால்தான், மனதில் தெரியும் எழுத்துகளுக்குத் தட்டுகிறார்கள். படம் காட்டுங்கள், பொருளைக் கையில் கொடுங்கள், எழுதிக் காட்டாதீர்கள்.

'இதெல்லாம் விளையாட்டு, படிப்பு எப்போது?' என்று பெற்றோர் கேட்பார்கள். 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். ஒரு சிறு மரக்குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, சொல்லில் உள்ள துண்டுகளுக்கு ஏற்ப மேசையில் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதுக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். அசையையும் உடைத்துத் தனித்தனி ஒலியாகத் தட்டச் சொன்னபோது அந்த வயதில் ஒருவராலும் முடியவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 90 பேர் அசையைப் பிடித்துவிட்டார்கள், தனி ஒலியைப் பிடித்தவர்கள் 70 பேர். அதாவது காதுக்கு முதலில் அகப்படுவது அசை, ஒலி பின்னால் வருகிறது. அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் செய்தது. தமிழ் எழுத்தோ பெரும்பாலும் அசை அசையாகவே நிற்கிறது. 'கா' என்று காதில் விழுவதுதான் 'கா' என்று தாளில் இருக்கிறது. 'க்'கும் 'ஆ'வும் சேர்ந்தது 'கா' என்பது பிறகு வரட்டும். நான்கு வயதில் பாதிப் பேருக்கு வராது என்பதையும் இந்த எண்களிலேயே பார்க்கிறீர்கள், ஆகவே உங்கள் குட்டிப் பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம்.

கைதட்டலைப் பற்றிக் கேட்டீர்கள். கைதட்டலில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, கை தட்டத் தொடங்கினால் அது பாராட்டாக மாறிவிடும், நிற்காது. இரண்டு, கூட்டமாகத் தட்டும்போது பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துத் தட்டுகிறார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆரம்பித்து வைக்க நல்லது. அதிலேயே நின்றுவிடக் கூடாது.

அதைவிட நல்லது மூடி தள்ளுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து மூடிகள் கொடுங்கள், தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. மூடிகள் கோட்டுக்கு இந்தப் பக்கம். சொல்லைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டித் தள்ள வேண்டும். எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள், தள்ளத்தான் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடுத்து வைக்கும்போது விரல் வாயை முந்திக்கொண்டு ஓடும். 'வாழைப்பழம்' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதன் விரலைப் பாருங்கள். 'வா' என்பதற்குள் இரண்டு மூடி போயிருக்கும், 'பழம்' வரும்போது தள்ள மூடி இருக்காது, உடனே உங்கள் முகத்தைப் பார்க்கும். தள்ளும்போது விரல் மூடியின் மேலேயே இருக்கிறது. 'வாஆஆ' என்று இழுத்துக்கொண்டே முதல் மூடியைக் கோடு தாண்டும்வரை தள்ளி, அதன்பிறகுதான் 'ழைப்' என்று அடுத்ததில் விரல் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தேவைப்பட்டால் அந்தப் பிள்ளையின் விரல் மேல் உங்கள் விரலை வைத்து இரண்டு, மூன்று சொல் கூடவே தள்ளுங்கள். கடைசியில் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதை எண்ணட்டும். தட்டிய தட்டு காற்றோடு போய்விடும். மூடி அங்கேயே கிடக்கிறது, திரும்பச் சரிபார்க்கலாம். எண்ணிக்கை மறந்துபோகும் பிள்ளைக்கு இதுதான் துணை.

மூடியையே சொல்கிறேனே, புளியங்கொட்டை, லிச்சிக் கொட்டை ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் இந்த வயதுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வரும் வீடுகளும் உண்டு. பெரிய மூடியே இருக்கட்டும்.

மோவாய்க்குக் கீழே கையை வைத்து, தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று பார்க்கச் சொல்வது இப்போது எல்லாப் பயிற்சியிலும் இருக்கிறது. 'பாப்பா', 'காவடி' போன்ற சொற்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் இகரத்துக்கும் உகரத்துக்கும் தாடை அவ்வளவு இறங்காது. 'புலி' என்று சொல்லிப் பாருங்கள், கையில் ஒன்றுமே தெரியாது. தமிழில் உகரத்தில் முடியும் சொற்கள் ஏராளம். ஆகவே இதை ஒரு வேடிக்கையாக ஒரு நாள் செய்யலாம், சரிபார்க்க இதை நம்பக் கூடாது. பதிலுக்கு வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்லுங்கள். 'புலி'யை வாய் திறக்காமல் சொன்னால் 'ம், ம்' என்று இரண்டு முனகல் வரும். அதிலேயே இன்னொரு விளையாட்டு: ஒரு பிள்ளை முனக, மற்றவர்கள் முன்னால் கிடக்கும் மூன்று படங்களில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிரித்துச் சிரித்து விழுவார்கள், காதும் கூர்மையாகும்.

இனி நம் கோவிலுக்கே உரிய ஒன்று. தவில் வாசிப்பவர்கள் வாயால் சொல்லும் சொற்கட்டு இருக்கிறதே, அது இந்த வேலைக்கென்றே செய்து வைத்த மாதிரி. இரண்டுக்கு 'தக', மூன்றுக்கு 'தகிட', நான்குக்கு 'தகதிமி', ஐந்துக்கு 'தகதகிட'. முதலில் சொல்லை இயல்பாகச் சொல்ல வேண்டும், பிறகு அதே அளவுள்ள சொற்கட்டைச் சொல்ல வேண்டும். மயில், தக. காவடி, தகிட. பட்டாம்பூச்சி, தகதிமி. சொல்லில் நெடில் இருந்தாலும் சொற்கட்டைச் சமமாகவே சொல்லுங்கள், நமக்கு எண்ணிக்கைதான் முக்கியம். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் 'மூன்று' என்று எண்ணிச் சொல்வதைவிட 'தகிட' என்பது வாய்க்கு ருசி. எண்ணத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைகூட இதைச் சரியாகச் சொல்லும். உங்கள் கோவிலில் தவில்காரர் இருந்தால் ஒரு சனிக்கிழமை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். பிள்ளைகள் படத்தைக் காட்ட, அவர் வாசித்துக் காட்டட்டும்.

தவில் கிடைக்காவிட்டால், செகா ஆட்டபாட்டத்துக்கு அடிக்கும் தோல் வாத்தியமான ரவான் கிடைக்காமலா போகும்? யாராவது ஒருவர் வீட்டில் ஒன்று இருக்கும். செகாவை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு பள்ளிகளிலும் ரவான் பார்க்க முடிகிறது. ஆட்டுத் தோலில் விரல் படும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும் என்பதால் கைதட்டலைப் போலக் குழம்பாது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் வாசிக்க வேண்டும், அது முக்கியம். கோவில் கூடத்தில் செகா வாத்தியமா என்று யாராவது முகம் சுளித்தால் முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொற்களை எடுப்பது? பாடப்புத்தகத்தின் வரிசையில் போகாதீர்கள். தைப்பூசம் உங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்துத் தெரியும். வேல் ஒன்று. மயில், சேவல் இரண்டு. காவடி, முருகன், பால்குடம் மூன்று. அரோகரா, ஆறுமுகம் நான்கு. இத்தனையும் அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்த சொற்கள், புதுச் சொல்லின் பாரம் இல்லை. படம் வரைந்து அட்டையாக்கி, சாக்பீஸால் தரையில் நொண்டிக் கட்டம் போடுங்கள். அட்டையை எடுத்த பிள்ளை சொல்லுக்கு ஏற்ப எகிறிக் கட்டம் தாண்ட வேண்டும். வேலுக்கு ஓர் எகிறல், அரோகராவுக்கு நான்கு. சுப்பிரமணியரை எடுத்துவிட்ட பிள்ளைக்குக் கட்டம் போதாது, அதற்காகவே அந்த அட்டை ஒன்று இருக்கட்டும்.

பாட்டி வீட்டில் 'பாலு', 'மீனு' என்று சொல்லிக் கேட்ட பிள்ளை 'பால்' என்ற படத்துக்கு இரண்டு தட்டும். அது தவறு என்று சொல்லாதீர்கள். அதன் வாய் சொன்னதற்கு அது சரியாகத் தட்டியிருக்கிறது. 'பாட்டி பாலு என்கிறாள், இரண்டு. புத்தகத்தில் பால் என்று இருக்கும், ஒன்று' என்று இரண்டையும் தட்டிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அதேபோல 'அம்-மா'வா 'அ-ம்மா'வா என்று எங்கே வெட்டுகிறது என்பதைப் பற்றியும் கவலை வேண்டாம், எண்ணிக்கை இரண்டாக இருந்தால் போதும்.

ஆரம்பத்தில் தொடக்கூடாத சொற்கள் என்றால் எண்ணுப் பெயர்கள்தான். 'ஒன்று' என்பதற்கு இரண்டு தட்டு, 'இரண்டு' என்பதற்கு மூன்று, 'மூன்று' என்பதற்கு இரண்டு. பாவம், பிள்ளை என்ன செய்யும்? ஒன்று முதல் பத்துவரை தன் அளவுக்குத் தட்டு உள்ள எண் ஒன்றுகூட இல்லை, பேச்சில் 'ரெண்டு' என்று சொன்னால் அது மட்டும் தப்பிக்கும். ஆறு வயதுக்காரர்கள் நன்றாகப் பழகிய பிறகு இதையே புதிராகப் போடலாம். நம் ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் இருக்கிறதே, 25 ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்து 'இருபத்தைந்து' என்று சொல்லித் தட்டச் சொல்லுங்கள். இ, ரு, பத், தைந், து. ஐந்து தட்டு. 100 ரூபாய் என்றால் நூ, று, இரண்டே தட்டு. பணம் கூடினால் சொல் நீள வேண்டும் என்பதில்லை என்று யானைப் பையனே மற்றவர்களுக்கு விளக்குவான்.

கிரியோலுக்கு வருகிறேன். தாராளமாகப் பயன்படுத்துங்கள். கேட்டுப் பிரிக்கும் திறமை ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழிக்கும் கூடவே வரும், காது ஒன்றுதானே. அது வீட்டு மொழியில்தான் சீக்கிரம் வரும். 2012 முதல் தொடக்கப் பள்ளியில் கிரியோலையே விருப்பப் பாடமாக எடுக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்? புதிய விளையாட்டு எதையும் முதல் ஐந்து நிமிஷம் கிரியோல் சொற்களில் விளையாடிக் காட்டுங்கள். டிலோ (தண்ணீர்) இரண்டு, ஸானானா (அன்னாசி) மூன்று, காத்தோ பிமா (மிளகாய் வடை) நான்கு. விதி புரிந்ததும் தமிழுக்கு மாறுங்கள். புதிய விளையாட்டையும் புதிய சொல்லையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால் இரண்டும் நிற்காது. தமிழ் வகுப்பு என்ற பெயருக்கு அதனால் ஒரு குறைவும் வராது. 'தமிழில் மட்டும்' என்று பிடிவாதம் பிடித்து, பிள்ளைகள் வாயே திறக்காத வகுப்புகளைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

ஒரே படத்துக்கு மொழிக்கு மொழி தட்டு மாறுவது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. பூனைப் படம்: கிரியோலில் 'சாத்', ஒரு தட்டு. ஆங்கிலத்திலும் ஒன்று. தமிழில் பூனை, இரண்டு. யானை திருப்பி அடிக்கும்: தமிழில் இரண்டு, கிரியோலில் எ-லெ-ஃபான் என்று மூன்று. முட்டை அட்டையின் குழிகளில் மொழிக்கு ஒரு வரிசையாக மூடிகளை வைத்து, எந்த மொழி ஜெயித்தது என்று பார்க்கலாம். ஆனால் ஆங்கிலச் சாக்லெட், பிரெஞ்சில் கடைசி எகரம் ஊமையாகிப் போகும் சொற்கள் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் எத்தனை தட்டு என்று பெரியவர்களே சண்டை போடுவார்கள்.

பிள்ளைகளின் பெயர்களையும் விடாதீர்கள், வருகைப் பதிவையே இப்படி எடுக்கலாம். பெயரைக் கூப்பிட வேண்டாம், தட்டுங்கள். மூன்று தட்டு தட்டினால் குமரனும் எழுந்திருப்பான், மூன்று தட்டுப் பெயருள்ள மற்றவர்களும் எழுந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பிரெஞ்சு முறையில் எழுதியிருக்கும் நம் பெயர்களைப் பார்த்து எண்ணாதீர்கள், அம்மா எப்படிக் கூப்பிடுகிறாளோ அதுதான் கணக்கு.

எண்ணுவது நன்றாக வந்துவிட்டால் அதிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். ஃபராத்தா ரொட்டி மாவு மாதிரி பிசைந்த மாவை நீளமாக உருட்டி, ஐஸ் குச்சியால் சொல்லுக்கு ஏற்ப வெட்டச் சொல்லுங்கள். 'மாம்பழம்' மூன்று துண்டு. இப்போது முதல் துண்டை நீங்கள் எடுத்து ஒளித்துவையுங்கள். மிச்சம் என்ன? 'பழம்'! இது எண்ணுவதைவிட ஒரு படி மேல், வாசிப்புக்கு இன்னும் நெருக்கம். 'பால்குட'த்தில் பாலை எடுத்தால் குடம். இப்படி அர்த்தமுள்ள மிச்சம் வரும் சொற்களில் தொடங்கி, பிறகு 'காவடி'யில் 'கா'வை எடுத்தால் 'வடி' என்று போகலாம். எழுத்து அட்டைகளைப் பீரோவிலிருந்து எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். அட்டைகளில் சொல்லை வைத்து, புள்ளி எழுத்து ஒவ்வொன்றையும் அதற்கு முன்னால் உள்ள எழுத்தோடு நெருக்கி ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சி என்றால் 'ப'வும் 'ட்'டும் ஒரு சோடி, 'டா'வும் 'ம்'மும் ஒரு சோடி. தாங்கள் தட்டிய தட்டும் தரையில் உள்ள குவியலும் ஒத்துப்போவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

மதிப்பெண் வேண்டவே வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், வகுப்புக்கு ஒரு தடவை, அது போதும். உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: யார் சொல்லுக்கு ஒரே தட்டு தட்டுகிறார்கள், யார் நிறுத்தாமல் தட்டுகிறார்கள், யார் எழுத்துக்குத் தட்டுகிறார்கள். ஒரே தட்டு தட்டும் பிள்ளைக்கு இன்னும் துண்டே கேட்கவில்லை, மாம்பழம் மாதிரி கூட்டுச் சொற்களில் தொடங்குங்கள். நிறுத்தாத பிள்ளைக்கு மூடி. எழுத்துக்குத் தட்டும் பிள்ளைக்கு முனகல்.

ஆறு வயது நிரம்பி, சில மாதம் இப்படி விளையாடிய பிறகும் கிரியோலில்கூட இரண்டு தட்டுச் சொல்லைப் பிரிக்க முடியாத பிள்ளை ஒருவர் இருந்தால், கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, 'என்ன, என்ன' என்று கேட்பது, அடிக்கடி சளியும் காதுவலியும் என்று இருக்கிறதா என்று பெற்றோரிடம் விசாரியுங்கள். நடுக்காதில் நீர் தங்கினால் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் தெளிவாகக் கேட்காது. மருத்துவரிடம் ஒருமுறை காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லார் முன்னிலும் சொல்லாமல், செருப்பு மாட்டும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.